கோபத்தோடு வந்த ‘நாளைக்கு’

மயிலாடுதுறையில் நான் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஓட்டுகிறேன். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கண் பரிசோதனை முகாம், எதுவானாலும் தெருத்தெருவாகக் கத்துவது என் வண்டி. அந்தக் கத்தலைப் பதிவு செய்து, வெட்டி ஒட்டி ஒழுங்குபடுத்திக் கொடுப்பது தஹ்மீனா. செல்போன் கடை மாடியில் ஒரு கம்ப்யூட்டர், தலையில் ஹெட்போன், பக்கத்தில் ஆறிப்போன டீ.

அவள் இதைக் கற்றுக்கொண்ட கதையே தனி. ஷார்ஜாவிலிருந்து கணவன் முபாரக் அனுப்பும் வாய்ஸ் மெசேஜில் வார்த்தைக்கு வார்த்தை ‘அப்புறம்’ வரும். அத்தனை ‘அப்புற’த்தையும் வெட்டி, வரிசையாக ஒட்டி, அவனுக்கே திருப்பி அனுப்பினாள். அவன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். இவளுக்குத் தொழில் பிடிபட்டுவிட்டது.

போன மாதம் சாவித்திரி அக்கா வந்தார். கூறைநாட்டில் வீடு வீடாகத் தயிர் விற்றவர். “சொம்ப எடுத்தார இவ்ளோ நேரமா?” என்று அவரிடம் திட்டு வாங்காத வீடே கிடையாது. சேர்த்ததையெல்லாம் போட்டு மார்க்கெட் எதிரே டிபன் கடை வைத்திருந்தார். மறுநாள் திறப்பு. முதல் நாளே ஈ ஓட்ட வேண்டி வருமோ என்று எங்களிடம் பத்துத் தடவை கேட்டுவிட்டார். தன் குரலைத்தான் ஜனங்களுக்குத் தெரியும் என்று அறிவிப்பைத் தானே பேசினார். “நாளைக்குக் காலையில” என்று வரும்போது, கூட வந்த கணவர் பக்கிரி போட்டார் பாருங்கள் ஒரு தும்மல்! அக்கா நிறுத்தாமல் மீதியையும் பேசி முடித்துவிட்டுத்தான் அவர் பக்கம் திரும்பினார்.

“நாளைக்குக் கடையத் தொறக்கணும்! இப்பத்தான் உங்களுக்குத் தும்மல் வரணுமா?”

பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தோடு, அக்காவுக்கு ஏற்கெனவே கம்மியிருந்த தொண்டை சுத்தமாகக் கட்டிக்கொண்டது. இனி ஒரு வார்த்தை வராது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்கோ அவசரம். “தங்கச்சி, தும்மல மட்டும் வெட்டிப் போடு. பொழுது போவுது.”

“வார்த்த மேலயே தும்மியிருக்காரு அண்ணே. வெட்டினா என்னிக்குத் திறப்புன்னே தெரியாது” என்றவள், சட்டென்று நிமிர்ந்தாள். “இருங்க, திட்டுலயும் ஒரு ‘நாளைக்கு’ இருக்குல்ல!”

அந்த இடத்தைத் திரையில் பெரிதாக்கினாள். ஒலி அலை எங்கே நடுக்கோட்டைத் தொடுகிறதோ அங்கேதான் வெட்ட வேண்டுமாம். மயிரிழை தள்ளினாலும் ‘டக்’கென்று கேட்குமாம். நகர்த்தினாள், கேட்டாள், மறுபடி நகர்த்தினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருவழியாக அந்தச் சொல்லை மட்டும் எடுத்துத் தும்மல் இருந்த இடத்தில் வைத்தாள்.

ஒட்டு தெரியவே இல்லை. ஆனால், அட கடவுளே! பாசமாக அழைத்துக்கொண்டே வந்த குரல், அங்கே மட்டும் “நாளைக்கு!” என்று சீறிவிட்டு, மறுபடி பாசமாகிவிட்டது.

“சத்தத்தக் கொறைக்கலாம் அண்ணே. கோவத்தக் கொறைக்க இதுல பட்டன் இல்ல” என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

வேறு வழி? அதையே போட்டுக்கொண்டு கிளம்பினேன். கூறைநாடு முழுக்க ஜனங்கள் வாசலுக்கு வந்து சிரித்தார்கள். எனக்கு மானமே போயிற்று. அக்காவின் கடையைக் கெடுத்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

மறுநாள் காலையில் போனால், கடைக்குள் கால் வைக்க இடமில்லை. தயிர் வாங்கிய வீடுகள் அத்தனையும் குடும்பத்தோடு வந்திருந்தன. “வந்துட்டோங்க, திட்டாதீங்க!” என்று ஒரு பெண் சொல்ல, கடையே சிரித்தது. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இட்லி வைத்தார்.

“தொண்ட சரியானதும் வாங்கக்கா, அடுத்த அறிவிப்பக் கோவம் இல்லாமப் பேசிடலாம்” என்றாள் தஹ்மீனா. கோபம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று அக்கா கையை ஆட்டினார்.

சட்னி வாளியோடு நின்ற பக்கிரி நெஞ்சை நிமிர்த்தினார். “நான் மட்டும் தும்மலேன்னா இத்தன பேரு வந்திருப்பாங்களா?”

அக்காவுக்குக் குரல்தான் இல்லை. கரண்டியைத் தூக்கினார்.