என் பேரில் வந்த மெயில்

நெதர்லாந்தில் என் ஆபீஸ் வேலை குப்பை அள்ளுவதில்தான் தொடங்கும். காலையில் கம்ப்யூட்டரைத் திறந்து, வேண்டாத மெயில்களை அழித்த பிறகே காபி. 2004-ல் ஒருநாள் எனக்கு நானே மெயில் அனுப்பியிருந்தேன். வழுக்கையில் முடி முளைக்க மாத்திரையாம். அனுப்பியவர் முகவரி அச்சு அசலாக என்னுடையது. பக்கத்து சீட்டு டச்சுக்காரன் யான் எட்டிப் பார்த்து, "ஸ்பாம். உங்கள் முகவரியை எவனோ போட்டிருக்கிறான். அழித்துவிடுங்கள்" என்றான். அழித்தேன். இங்கே விஷயம் அதோடு முடிந்தது.

எங்கள் ஊர் கூடலூரில் முடியவில்லை. என் பேரைத் திருடியவன் அப்பாவின் மெயில் முகவரியையும் சேர்த்தே எடுத்திருக்கிறான். அங்கே அப்பாவுக்கு மெயில் என்றால் காகிதம். திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடித்துவிட்டு வரும் வழியில் செல்வத்தின் பிரவுசிங் சென்டரில் நிற்பார். என் பேரில் வந்ததை செல்வம் பிரிண்ட் எடுத்து, இங்கிலீஷ் என்றால் அர்த்தமும் சொல்லிக் கொடுப்பான். முடி மாத்திரை மெயிலும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

"ஏலே, தலை ரொம்பக் கொட்டிருச்சா? தங்கச்சி கல்யாணம் முடிஞ்சதும் உனக்குப் பொண்ணு பாக்கணுமே" என்று போனில் கவலைப்பட்டார். விளக்கிச் சொன்னேன். அடுத்தவன் பேரில் கடிதாசி போடுவானா ஒருத்தன் என்று அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

அப்பா அந்த மெயிலைப் பத்திரமாக வைத்திருக்கிறார் என்று யானிடம் சொன்னேன்.

"அழிக்கச் சொல்லுங்கள்."

"காகிதத்தில் இருக்கிறது."

"காகிதத்தில் வந்தால் ஸ்பாம் இல்லையே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

அடுத்த வாரம் செல்வம் பேசினான். "அண்ணே, உங்கப்பா ஒரு வழி சொல்லிட்டாக. நீங்க எழுதுனா மொத வரியில கொடி எப்படி இருக்கு, காய் புடிச்சிருக்கான்னு கேப்பீகளாம். கேக்கலைன்னா அது நீங்க இல்லையாம்."

சிரித்தேன். ஆனால் உண்மைதான். எங்கள் பக்கத்தில் தோட்டத்தை விசாரிக்காமல் யாரும் கடிதம் ஆரம்பிப்பதில்லை. அதற்குப் பிறகு எந்தக் குப்பையும் அப்பாவை ஏமாற்றவில்லை.

தங்கச்சிக்குக் கல்யாண நாள் குறித்தார்கள். தாலி கட்டுமுன் மாப்பிள்ளைக்கு மோதிரம் போட வேண்டியவன் நான், ஒரே அண்ணன். ஆபீஸிலோ எடுத்த வேலை முடியும்வரை லீவு கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. அப்பாவிடம் வாயால் சொல்லத் துணிவில்லாமல், கோழைத்தனமாக, மெயிலில் மூன்று வரி தட்டிவிட்டேன். லீவு இல்லை. வர முடியாது. மன்னித்துவிடுங்கள்.

பதிலே இல்லை. பொறுக்க முடியாமல் போன் செய்தேன்.

"பந்தக்கால் ஊண்டியாச்சுப்பா. நீ வரலைன்னு ஒரு மெயில் வந்துச்சு. செல்வம் தயங்கித் தயங்கித்தான் குடுத்தான். கொடியப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. எந்தப் பயலோ உன் பேரைப் போட்டு எழுதியிருக்கான். அங்கனயே கிழிச்சுப் போட்டேன். நீ என்னைக்குப் பிளேன் ஏறுற?"

ஏமாறாமல் தப்பித்த சந்தோஷம் அவர் குரலில் இருந்தது. எழுதியவன் நான்தான் என்பதை நான் சொல்லவில்லை. கூடலூரில் அவர் தன் மகனுக்காகப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார். அவர் தன் மகனென்று ஒப்புக்கொள்ளாத ஒருவன் இங்கே போனைப் பிடித்தபடி நின்றிருந்தான்.