பளபளவென்று ஒரு பல் செட்

பல் செட்டில் எந்தப் பக்கத்தைத் தேய்க்கலாம், எந்தப் பக்கத்தில் கை வைக்கவே கூடாது என்பது அந்தத் தொழிலில் முதல் வாரமே சொல்லித் தரும் பாடம். எட்டு வருஷம் அதே தொழிலைச் செய்துவிட்டு அதை மறந்த ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, நான்தான். மறந்தேன் என்பதும் பொய். நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டே தேய்த்தேன். முட்டாள்தனத்திலும் ஒரு தரம் உண்டென்றால், என்னுடையது முதல் தரம்.

எண்பத்திமூன்று, எண்பத்திநான்கு வாக்கில் இருக்கும். திருவண்ணாமலையில் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் மாடியில் இரண்டு அறை. முன்னறையில் பல் டாக்டரம்மா. பின்னறையில் நான், பல் செட் மெக்கானிக். அவர் அளவெடுத்துக் கொடுப்பார். நான் அதை பிளாஸ்டர் மாவில் வார்த்து, பல் அடுக்கி, செட் செய்து கொடுப்பேன். டாக்டரம்மா என்னைவிட ஆறு வயது சின்னவர். கோபம் வந்தால் அவர் குரல் உயராது, தாழும். சுத்தமாகக் கேட்கவில்லை என்றால் நான் மாடிப்படியை நோக்கி நடக்க வேண்டிய நேரம் என்று அர்த்தம்.

என் அறையில் ஒரு சின்ன மோட்டார் கொக்கியில் தொங்கும். அதிலிருந்து பாம்பு போல ஒரு குழாய் இறங்கும். குழாயின் நுனியைப் பேனா மாதிரிப் பிடித்துக்கொண்டு, கீழே காலால் மிதித்தால் நுனியில் மாட்டியிருப்பது சுழலும். கல்லை மாட்டினால் அரைக்கும், பிரஷ்ஷை மாட்டினால் துலக்கும். அந்த வருஷம் டாக்டரம்மா மெட்ராஸ் போனபோது புதிதாக ஒன்று வாங்கி வந்தார். கட்டைவிரல் பருமனில் ஒரு சக்கரம்; உப்புத்தாளைச் சின்னச் சின்ன இதழாக வெட்டி நெருக்கமாகச் செருகியிருந்தது. கடைக்காரர் ப்ளாப் வீல் என்று சொல்லிக் கொடுத்தாராம். எனக்கு அது சாமந்திப்பூவாகத் தெரிந்தது. சாமந்தி என்றே பெயர் வைத்தேன்.

டாக்டரம்மா நிதானமாகச் சொல்லிக் கொடுத்தார். அழுத்தக் கூடாது, இதழ்கள் தடவிக்கொண்டு போனாலே போதும். ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது, சூடேறி செட் உருகும். முதலில் ஒரு மரத்துண்டில் ஓட்டிப் பழக வேண்டும். நான் பழகினேன். மரத்துண்டு, மேஜை விளிம்பு, என் செருப்பின் குதிகால், வீட்டிலிருந்து கொண்டுவந்த கரண்டிக் காம்பு. மூன்றாம் நாள் கரண்டி கைக்கு வழுக்குகிறது என்று மனைவி குறைப்பட்டுக்கொண்டாள். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்த சமயத்தில்தான் பாய் வந்தார். எங்கள் பக்கம் வேர்க்கடலையை மல்லாட்டை என்போம். மல்லாட்டை மண்டியில் ஏலம் கூவுகிறவர் அவர். குவியலுக்குப் பக்கத்தில் நின்று ஒரு காயை உடைத்துப் பருப்பை வாயில் போட்டு மெல்லுவார். 'நல்லா காஞ்ச சரக்கு' என்று அவர் வாயால் வந்துவிட்டால் வியாபாரிகள் மறு பேச்சு பேசமாட்டார்கள். பிறகு ஒரு தரம், ரெண்டு தரம் என்று கூவினால் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். அப்பேர்ப்பட்ட வாயில் புகையிலை புகுந்து நாற்பத்தைந்து வயதுக்குள் எல்லாப் பல்லையும் காலி செய்துவிட்டது. நாங்கள்தான் மேலும் கீழும் செட் செய்து கொடுத்தோம்.

செட் போட்டு ஒரு வாரம் ஆனது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பாய் மாடியேறி வந்தார். டாக்டரம்மா உறவுக்காரர் கல்யாணத்துக்கு வேலூர் போயிருந்தார், மறுநாள் மதியம்தான் வருவார். பாய் மேல்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கைத்துண்டால் வாயை மூடிக்கொண்டு பேசினார். அவர் பழக்கம் அப்படி. செட் இல்லாத வாயை யாருக்கும் காட்டமாட்டார். உள்ளே ஓரிடத்தில் குத்துகிறது, மறுநாள் ஏலம் இருக்கிறது, ஏதாவது செய்து கொடு என்றார்.

இதற்கு வழி இருக்கிறது. குத்துகிற இடம் எது என்று வாயைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, கடுகளவு சுரண்ட வேண்டும். அதையும் டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். மேல்செட் வாயில் நிற்பதே உள்பக்கத்தை நம்பித்தான். ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் ஒட்டிக்கொள்வதில்லையா, அதே மாதிரி. அவருடைய மேலண்ணத்தில் உள்ள ஒவ்வொரு மேடும் பள்ளமும் செட்டின் உள்பக்கத்தில் அச்சாக இருக்கும். அதனால் செட்டின் வெளிப்பக்கத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பளபளப்பாக்கலாம், உள்பக்கம் வார்த்தது வார்த்தபடி இருக்க வேண்டும்.

எல்லாம் தெரியும். ஆனால் சாமந்தி மாட்டியபடி தொங்கிக்கொண்டிருந்தது. உள்பக்கம் பார்க்கச் சொரசொரவென்று, நான் செய்த வேலையே இல்லை என்பது போல இருந்தது. ஓரிடத்தைத் தேடிக் குறித்துச் சுரண்டுவதற்குப் பதில் மொத்தமாக ஒரு தடவு தடவிவிட்டால் எந்த இடமும் குத்தாது அல்லவா? காலால் மிதித்தேன். ரோஸ் நிறத் தூள் பறந்தது. ஒரு தடவு இரண்டாகி, இரண்டு பத்தாகி, கடைசியில் உள்பக்கம் பீங்கான் தட்டு மாதிரி மின்னியது. அதில் என் முகமே லேசாகத் தெரிந்தது. அங்கே தெரிந்தது யார் என்று அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பாய் மாட்டிப் பார்த்தார். துளிகூடக் குத்தவில்லை. அவருக்கு ஏக சந்தோஷம். அந்த உற்சாகத்தில் நான் ஏதோ ஜோக் சொல்ல, அவர் வாய்விட்டுச் சிரிக்க, மேல்செட் ஒரு நூல் இறங்கி மறுபடி ஏறியது. இரண்டு பேருமே கவனித்தோம்.

"இன்னா மெக்கானிக், ஆடுது?"

"புதுசுதானே பாய், பழகப் பழக நின்னுக்கும்."

அது பழகப் பழக மோசமாகும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் மண்டியில் நடந்ததை அன்று சாயங்காலத்துக்குள் நாலு பேர் எனக்கு நடித்தே காட்டிவிட்டார்கள். கீழ்பென்னாத்தூர் விவசாயி ஒருவருடைய குவியல். பாய் வழக்கம்போல நின்று கூவினார். ஒரு தரம் ஆயிற்று. ரெண்டு தரம் ஆயிற்று. மூன்றாவதுக்கு மூச்சிழுத்து வாயைத் திறந்தார். மேல்செட் கழன்று குவியலுக்குள் போய்விட்டது. விலை கேட்ட வியாபாரி சரக்கு தன்னுடையது என்றார். மூணு தரம் என்று யாரும் சொல்லவில்லை, நான் தரமாட்டேன் என்றார் விவசாயி. நடுவில் ஏழெட்டுப் பேர் முழங்கை வரை கையை விட்டுப் பல்லைத் தேடினார்கள். கடைசியில் கண்டெடுத்தது அந்த விவசாயிதான். தன் துண்டில் துடைத்துப் பாயிடம் கொடுத்தாராம். அன்றைய ஏலம் முழுவதையும் வேறொரு ஆள் கூவினார். மண்டிக்காரர் பாயிடம் ஒன்றே ஒன்று சொல்லியிருக்கிறார்: சனிக்கிழமை ஏலத்துக்கு வாய் சரியாகவில்லை என்றால் இனிமேல் அந்த ஆளே கூவட்டும்.

இதெல்லாம் எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே, மதியம் இரண்டு மணிக்கு, பாய் மாடியேறி வந்துவிட்டார். டாக்டரம்மா அப்போதுதான் ஊரிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார். பாய் செட்டை மேஜைமேல் வைத்தார். டாக்டரம்மா அதைத் திருப்பிப் பார்த்தார். அவர் குரல் தாழ்ந்தது.

நம் ஊரில் குத்துகிற செட்டை வீட்டிலேயே அரத்தால் ராவிக்கொள்கிறவர்கள் உண்டு. பாயும் அப்படித்தான் செய்துவிட்டார் என்று டாக்டரம்மா நினைத்துவிட்டார். இத்தனை வேலை செய்து கொடுத்தால் இப்படியா பாழ் பண்ணுவீர்கள், ஒரு நாள் பொறுக்க முடியாதா என்று மெல்லிய குரலில் கேட்டுக்கொண்டே போனார். பாய் கைத்துண்டால் வாயை மூடியபடி நின்றார். அளவெடுக்க வாயைத் திறப்பது வேறு; பல் இல்லாமல் குழறிக்கொண்டு ஒரு பெண்மணி முன்னால் வாதாட, துண்டுக்குப் பின்னாலிருந்துகூட, அவருக்கு மனசு வரவில்லை. ஊருக்கே கேட்கக் கூவுகிறவர், தனக்காக ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் என்னைப் பார்த்தார்.

நான் கதவோரம் நின்றேன். கேலிக்கும் கிண்டலுக்கும் எனக்கு ஒருநாளும் வார்த்தை பஞ்சமானதில்லை. அன்று நாக்கு எழவில்லை. அரை நிமிஷம் இருக்கும். என்ன நினைத்தேன் என்று மறைக்காமல் சொல்கிறேன்: பாய் துண்டை எடுக்கப் போவதில்லை, நான் சும்மா இருந்தால் இது இப்படியே போய்விடும் என்று நினைத்தேன். செட்டைத் தேய்த்தது முட்டாள்தனம். அந்த அரை நிமிஷத்துக்கு வேறு பெயர்.

பாய் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அவர் இல்லம்மா. நான்தான் தேய்ச்சேன். சாமந்தியால."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். பிறகு பாயைப் பார்த்து எழுந்து நின்று, மன்னிக்க வேண்டும் என்றார். என்னிடம் சொன்னது ஏறக்குறையக் கேட்கவே இல்லை.

"அந்த சக்கரத்தைக் கழட்டி எடுத்துட்டு வந்து இந்த மேஜை மேல வைங்க."

வைத்தேன். மாடிப்படிப் பக்கம் கால் போனது. "எங்க போறீங்க? சனிக்கிழமைக்கு மூணு நாள்தான் இருக்கு" என்றார்.

தேய்ந்த உள்பக்கத்தில் அளவெடுக்கும் மாவைத் தடவி, பாயின் வாயில் வைத்து அழுத்திப் புது அச்சு எடுத்தார். நான் அதை வார்த்து, உள்பக்கத்துக்கு அதே ரோஸ் பிளாஸ்டிக்கில் புதுப் பூச்சு அடைத்து, வெந்நீரில் வேகவைத்து, ஆறவிட்டேன். நடுவில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் ஒரு நாள் முழுசாகப் போயிற்று. வெள்ளிக்கிழமை அச்சை உடைத்துச் செட்டை வெளியே எடுத்தபோது ஓரங்களில் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. வெளிப்பக்கத்தை வழித்துச் சரி செய்தாக வேண்டும். டாக்டரம்மா மேஜை இழுப்பறையைத் திறந்து சாமந்தியை எடுத்துக் கொடுத்தார்.

பாய் அன்று முன்னறையில் காத்திருக்கவில்லை. நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து என் எதிரில், முட்டி இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்தார். வாயில் துண்டு, துண்டுக்கு மேலே இரண்டு கண். உள்பக்கத்தில் ஈரப்பஞ்சை அடைத்து அவரிடம் காட்டிய பிறகே காலால் மிதித்தேன். இதழ்கள் பட்டும் படாமலும் ஓரத்தில் ஓடின. எட்டு வருஷத்தில் அவ்வளவு மெதுவாக நான் எதையும் தேய்த்ததில்லை. ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. நடுவில் ஒரு தடவை சக்கரம் பஞ்சுப் பக்கம் லேசாகச் சாய்ந்தது. பாயின் கை தானாக நீண்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. சக்கரத்தை நேராக்கினேன். பிறகு விட்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ செட் செய்துவிட்டேன். இன்றைக்கும் எதையாவது அழகாக்கலாம் என்று கை பரபரத்தால், வேலையோ வீட்டுக் காரியமோ, இது எந்தப் பக்கம் என்று ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன். யாராவது பேச முடியாமல் நிற்கும்போது மட்டும் திருப்பிப் பார்ப்பதில்லை. முந்திக்கொண்டு வாயைத் திறந்துவிடுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை காலை மண்டிக்குப் போனேன். ஒரு மாட்டுவண்டிக்குப் பின்னால் நின்றேன். செட் விழுந்தால் ஓடுவதற்கு அந்த இடம்தான் வசதி. மண்டிக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். புதன்கிழமை கூவின ஆளும் தயாராக ஓரத்தில் நின்றான். பாய் குவியலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஒரு தரம். ரெண்டு தரம். மூன்றாவதுக்கு அவர் மூச்சிழுத்தபோது நானும் இழுத்தேன். மூணு தரம் என்று வந்தது பாருங்கள், வண்டி மாடு காதை ஆட்டியது. மண்டிக்காரர் அந்தப் புது ஆளைப் போகலாம் என்று கை காட்டிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு பக்கத்தில் போனேன். பட்டும் புத்தி வராத ஜன்மம் நான். ஒரு நிமிஷம் கழற்றிக் கொடுத்தால் வெளிப்பக்கத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் பளபளவென்று ஆக்கித் தருகிறேன் என்றேன். பாய் குனிந்து குவியலில் ஒரு காயை எடுத்து உடைத்தார். பருப்பை வாயில் போட்டுக் கண்ணை மூடி, கடைசி வரை மென்று விழுங்கினார்.

"பளபளப்பு வேணாம் மெக்கானிக், கடிச்சா போதும்."