டாக்டரிடம் சொன்ன பிள்ளை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவில் ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். தோட்டத்துப் பெண்கள் எத்தனை பெற்றார்கள், எத்தனை பறிகொடுத்தார்கள் என்று ஆராய ஒரு வெள்ளைக்கார டாக்டர் வந்தார். அவரோடு வந்த ஆஸ்பத்திரி உதவியாளர், டிரசர் என்போம், தமிழில் கேட்டு எழுதிக்கொண்டார்.

எனக்கு முன்னால் பக்கத்து வீட்டு அக்கா. ஐந்து பெற்று மூன்றைப் புதைத்தவள். அவளை நாற்காலியில் உட்காரவைத்து, ஒவ்வொரு பிள்ளையாக விசாரித்தார் டாக்டர். நான் குத்துக்கல்லாட்டம் நின்றேன். வயிறு எரிந்தது. உயிரோடு இருந்த இரண்டுக்காக மட்டுமில்லை, செத்துப்போன மூன்றுக்காகவும்தான்.

என் முறை வந்தது. பிள்ளை இல்லை என்று சொன்னால் பெயருக்கு நேரே ஒரு கோடு கிழித்து அனுப்பிவிடுவார்கள்.

“ஒண்ணு பொறந்துச்சுங்க. பொண்ணு. அன்னிக்கே போயிருச்சு,” என்றேன்.

டிரசர் நிமிர்ந்தார். “பிரசவம் யாரு பாத்தா?”

வாசலில் நின்ற அக்கா சட்டென்று சொன்னாள்: “நான்தாங்க. இந்தக் கையிலதான் வாங்குனேன்.”

டிரசர் எழுதிக்கொண்டு எனக்கும் நாற்காலியைக் காட்டினார்.

என்னைக் காப்பாற்றியவளுக்கு நன்றி சொல்ல இன்றுவரை மனசு வரவில்லை. நான் பெறாத பிள்ளையைக்கூட முதலில் கையில் ஏந்தியவள் அவள்தானே.