சிவப்புப் பலகை

அண்ணைக்கு மலை ஏறுகிற விசர் பிடித்துச் சில வருடங்கள் இருக்கும். போன மார்ச் பள்ளி விடுமுறையில் என்னையும் என் பதினாறு வயது மகளையும் கனடாவின் கஸ்பே மலைகளுக்குக் கூட்டிப் போனார். மொன்றியலிலிருந்து ஒரு முழுப் பகல் கார் ஓட்டம். போய்ச் சேர்ந்ததும் பனிப்புயல் தொடங்கியது. இரண்டு நாள் விடுதி அறைக்குள்ளேயே கிடந்தோம். மூன்றாம் நாள் வானம் வெளித்தது.

"புயல் முடிஞ்சுது, வெளிக்கிடுங்கோ," என்றார்.

மலைப்பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பலகை. பிரெஞ்சில் நாலைந்து வரி, மேலே சிவப்பாக ஒரு குறி. ஆஸ்பத்திரி வேலையில் நோயாளிகளைத் தூக்கிக் கழுவ வேண்டிய பிரெஞ்சு மட்டுமே எனக்குத் தெரியும். வாசிக்கக்கூடிய மகளோ காரடியில் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணை போட்டிருக்கு?"

"பாதையை விட்டு விலகவேண்டாமாம். வேறென்ன."

ஒரு மணி நேரம் ஏறியபின் அவரே பாதையை விட்டு விலகினார். மரமில்லாத ஒரு சரிவைக் குறுக்கே கடந்தால் உச்சி கிட்டவாம். மகள் முன்னால் போனாள். அவள் காலுக்குக் கீழே 'தொம்' என்று ஒரு சத்தம். அவளுக்கு மேலே பனி நீளமாக வெடித்து, பாளம் பாளமாக வழுக்கியது. அவளைக் காணவில்லை.

கீழே ஓடினேன், விழுந்தேன், உருண்டேன். பனிக்கு மேலே அவளுடைய ஒரு கை மட்டும் தெரிந்தது. வெறுங்கையால் கிண்டினேன். கொட்டிய பனி சீமெந்து போல இறுகியிருந்தது. அண்ணை பக்கத்தில் நின்று அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பின்னால் வந்த இரண்டு பனிச்சறுக்குக்காரர் பனி வாரும் சவள்களோடு ஓடி வந்திராவிட்டால் அவள் இன்று இல்லை. முகத்தை வெளியே எடுத்தபோது உதடு நீலம். பிறகு இருமினாள்.

காறை எலும்பு முறிவு. கீழே கொண்டுவந்த மீட்புப் பணியாளர் எனக்கு விளங்கும்படி மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார்: புயல் ஓய்ந்தாலும் ஆபத்து ஓயாது, காற்று அள்ளிவந்து சரிவில் அடுக்கிய பனி ஓர் ஆளின் பாரத்துக்கே உடைந்துவிடும், பலகையில் அதைத்தானே எழுதியிருக்கிறோம்.

நான் அண்ணையைப் பார்த்தேன். "நீங்கள் வாசிச்சனீங்கள்தானே?"

"ஓம். சொன்னால் நீ திரும்புவம் எண்டிருப்பாய். இவ்வளவு தூரம் வந்திட்டு..."

என்னைக் கேட்டால் மறுப்பேன் என்று தெரிந்தேதான் பொய் சொல்லியிருக்கிறார்.

மே மாதம் லவாலில் சொந்தக்காரர் வீட்டுப் பிறந்தநாள். அண்ணை தட்டோடு நின்று, மருமகளைத் தானே கிண்டி எடுத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எழும்பி அவரிடம் போனேன்.

"அண்ணை, பலகையில என்ன எழுதியிருந்தது எண்டதையும் சொல்லுங்கோ."

அவர் தட்டில் குனிந்து சாப்பிடத் தொடங்கினார். நானே எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு மாமி ஒருத்தி என் கையைப் பிடித்தாள்.

"பிள்ளை தப்பிட்டுதுதானே, இனி விட்டிடம்மா."

கையை உதறிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பிழை தன்னில் என்று அண்ணை இதுவரை சொல்லவில்லை. நானும் விடவில்லை.