காஜா அண்ணன் மூடிய விண்டோ

காஜா அண்ணன் போய்விட்டார். காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போன்... ஹார்ட் அட்டாக்.

ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் அவரும் நானும் ஒரே கம்ப்யூட்டர் ரூம். பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட் அவர் எழுதியது.

ஏதாவது தப்பாக வந்தால் உடனே ஸ்கிரிப்டை நோண்ட விடமாட்டார். அந்த நிமிடம் மெமரியில் இருக்கும் வேரியபிள், அதாவது தேதி, எண் என்று ஒவ்வொன்றையும் போட்டு வைக்கும் பெயர்கள், அத்தனையையும், அதனதன் மதிப்போடு, ஸ்கிரீனில் வரிசையாகக் கொட்டச் சொல்வார்.

"மொதல்ல பஸ்ஸுக்குள்ள யாரு யாரு உக்காந்திருக்காகன்னு பாரு தாயி. பொறவு டிரைவரை வையலாம்."

நான் சிரிப்பேன். அவர் சிரிக்கமாட்டார்.

நான் சேர்ந்து இரண்டாவது மாதம். தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டிய லோடு நின்றுபோனது... அத்தனை பெட்டியிலும் ஸ்டெரிலைஸ் செய்த தேதி தப்பு.

அண்ணன் அந்த வேரியபிள் பட்டியலை ஸ்கிரீனில் எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

தேதி என்ற வேரியபிளில் போன மாதத் தேதி. அதற்கு நேர் கீழே நிலா1, நிலா2... காலையில் சோதித்துப் பார்க்க நான் வைத்த பெயர்கள். சோதித்துவிட்டு எதையும் அழிக்கவில்லை. மத்தியானம் அவர் ஓட்டிய ஸ்கிரிப்ட், நான் போட்டு வைத்த பழைய தேதியையே எடுத்துக்கொண்டது.

"நிலாங்கிறது ஒம் மகளா?"

"ஆமாண்ணே."

"எத்தனாவது படிக்கா?"

"ஒண்ணாப்பு."

விண்டோவை மூடினார். முதலாளி உள்ளே வந்தார்.

"யாருய்யா பாத்த வேலை இது?"

"நாந்தான் மொதலாளி. பழசை அழிக்காம ஓட்டிட்டேன்."

என் வீட்டில் அப்போது நான் ஒருத்திதான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அது அவருக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த மாதத்தோடு அவரை அனுப்பிவிட்டார்கள்.

பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் ஒருநாள் போனேன்.

"வா தாயி... நிலா இப்ப எத்தனாவது?"

நாலாவது என்றேன். ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பாப் பண்ணிட்டாகன்னு அனுப்புனாகளே... கூட இருந்தவ நீ, சொல்லும்மா. அப்படி அசட்டையா வேலை பாக்குற மனுசனா இவுக?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அதுதான் முடிந்தது.

அண்ணனின் மகன் இந்த ஃபேஸ்புக் பக்கத்தில் இருக்கிறான். தம்பி, இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. அந்தத் தேதியைப் போட்டது நான்.

நிலா இப்போது எட்டாவது அண்ணே...

போய் வாங்க.