சின்னக் கல்லுக்குப் பக்கத்து இடம்

மெஹிட்டபிள் கோல் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றது தன் பெயர் வெட்டிய கல்லறைக் கல்லில்தான். அப்போது அவளுக்கு நான்கு வயது. ஊரில் எல்லோருக்கும் அவள் ஹிட்டி.

மே மாதக் கடைசியில் லைலாக் பூத்ததும், அம்மா ஒரு வாளித் தண்ணீரையும் பிரஷையும் எடுத்துக்கொண்டு, தன் பிறந்த வீட்டு முன்னோர்களான வாட்லி குடும்பத்து இடுகாட்டுக்குப் போவாள். பாசி பிடித்த சின்னக் கல்லை அவள் தேய்க்கத் தேய்க்க எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஹிட்டி ஈர எழுத்தில் விரலை வைத்து வாசிப்பாள்.

"அம்மா, இது என் பேருதானே?"

"மொதல்ல அக்கா பேரு. அவ போனப்பறம் உனக்கு வந்துச்சு."

அக்கா 1907-இல், நான்கு வயதில், தொண்டை அடைக்கும் காய்ச்சலில் போய்விட்டாள். இரண்டு வருடம் கழித்துப் பிறந்தவள் ஹிட்டி. அக்காவின் கம்பளிக் கோட்டு வந்தது, மரத்தொட்டில் வந்தது, கூடவே பெயரும் வந்தது. அவளுக்கு அது விசித்திரமாகவே படவில்லை.

கல்லுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் படுக்குமளவு புல்தரை காலியாக இருந்தது. "இது உனக்கு," என்று அம்மா சொல்லியிருந்தாள். "நான் உங்கப்பாகூட அவங்க ஊர்லதான் படுக்கணும். இவ இங்க தனியா கிடக்கா பாரு."

பத்தொன்பது வயதில் ஹிட்டி ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தாள். முப்பத்து மூன்று வருடம் அந்த உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஊர்க்காரர்களின் குரல்களை ஒன்றோடொன்று இணைத்துக் கொடுத்தாள். மரக்கடை ஆலன் அவளைக் கட்டிக்கொண்டு கலிபோர்னியா போக ஆசைப்பட்டான். அவள் ரயிலடி வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாள். அந்த வருடமும் மே மாதம் வாளியைத் தூக்கிக்கொண்டு இடுகாட்டுக்குப் போனாள்.

வருடாவருடம் ஆகஸ்டு இரண்டாம் சனிக்கிழமையன்று, 1638-இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலில் வந்திறங்கிய ஜேபெஸ் வாட்லியின் வம்சம் முழுக்க தேவாலயத்துக்குப் பின்னால் மேப்பிள் மரத்தடியில் கூடும். ஹிட்டியின் பங்கு பீன்ஸ் பானை: வெல்லப்பாகும் உப்பிட்ட பன்றிக்கறியும் போட்டு முதல்நாளே அடுப்பில் ஏற்றிவிடுவாள்.

1974-இல் அந்தப் பானை பாதி காலியானபோது வாரன் வாட்லி தொண்டையைச் செருமினார். நிலம் அளக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வம்சாவளியை அச்சுப் போட மூன்று வருடமாக ஊர்ப் பதிவேடுகளைக் குடைந்துகொண்டிருந்தார்.

"ஹிட்டி, தப்பா எடுத்துக்காதே. உங்க கிளை ஜேபெஸோட பேத்தி மெஹிட்டபிள்கிட்டேருந்து வருதுன்னுதானே சொல்லிட்டிருக்கோம்? அவ 1692-லேயே ரெண்டு வயசுல செத்துட்டா. பதிவு இருக்கு."

"1711-ல கல்யாணம் ஆனவ யாரு?"

"வேற யாரோ. செத்த குழந்தை எப்படிக் கல்யாணம் பண்ணிக்கும்?"

"வாரன் எண்ண ஆரம்பிச்சா பானையில இருக்கற பீன்ஸையே வம்சம் இல்லன்னு தள்ளிருவான்," என்றாள் டார்க்கஸ், வாரனின் தங்கை. சிலர் சிரித்தார்கள். வாரன் சிரிக்கவில்லை.

"இடுகாட்டுல ஒரு இடம்தான் மிச்சம். ஜேபெஸ் ரத்தத்துக்கு மட்டும்னு விதி. நான் எழுதுன விதி இல்ல."

ஹிட்டி கையிலிருந்த கரண்டியைப் பானைக்குள் வைத்தாள். அறுபத்தைந்து வயதில் அவளுக்கென்று ஆசைப்பட இருந்தது அந்த ஆறடிப் புல் ஒன்றுதான்.

"எழுந்து வா, வாரன். அந்தப் பதிவேட்டு நகலையும் எடுத்துக்கோ."

இடுகாடு நாற்பது தப்படிதான். தட்டுகளோடே நாலைந்து பேர் பின்னால் வந்தார்கள். சின்னக் கல்லின் முன் நின்று ஹிட்டி சொன்னாள்: "வாசி."

"மெஹிட்டபிள் கோல். 1903, 1907."

"நாலு வயசுல செத்தவ முப்பத்து மூணு வருஷம் உனக்கு போன் போட்டுக் குடுத்தாளா?"

வாரன் கல்லைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அது உங்க அக்கா..."

"நான் யாரு?"

அவர் கையிலிருந்த நகல் தாளைப் புரட்டினார். 1693 மார்ச், ஒரு பிறப்புப் பதிவு. மெஹிட்டபிள், அதே அப்பா, அதே அம்மா. அதன்மேல் அவரே பென்சிலால் கோடு கிழித்திருந்தார்.

"குமாஸ்தா ஒரே பேரை ரெண்டு தடவை எழுதிட்டான்னு நெனச்சேன்," என்றார் மெதுவாக.

"உங்க தாத்தா எலியாஸுக்கு முன்னால அதே பேர்ல ரெண்டு குழந்தைங்க செத்திருக்காங்க. உங்க வீட்டு பைபிள்ல பிறப்பு இறப்பு எழுதற பக்கத்துல இருக்கு, போய்ப் பாரு," என்றாள் ஹிட்டி. "நிலம் அளக்கறவன் குமாஸ்தாவையாவது நம்பியிருக்கலாம்."

டார்க்கஸ் தன் தட்டிலிருந்த பழுப்பு ரொட்டியை அண்ணன் கையில் வைத்தாள். "இதைச் சாப்பிட்டுட்டு மன்னிப்புக் கேளு. வாய் காஞ்சு கிடக்கு உனக்கு."

அவர் ரப்பரைத் தேடினார். சட்டைப்பையில் இல்லை. கட்டைவிரலை எச்சிலில் நனைத்து அந்தப் பென்சில் கோட்டைத் தேய்த்தார். முழுதாக அழியவில்லை, ஆனால் கீழிருந்த எழுத்து தெரிந்தது. ஹிட்டி அதில் விரலை வைத்து, நான்கு வயதில் வாசித்தது போலவே மெதுவாக வாசித்தாள்.

"என் கல்லுல ஹிட்டின்னு மட்டும் வெட்டுங்க," என்றாள் திரும்பும்போது. "முழுப் பேரு அவளோடது. நான் இத்தனை நாள் வெச்சிருந்தேன், அவ்வளவுதான். அப்பறம் உன்னை மாதிரி ஒருத்தன் வந்து கோடு போடவும் மாட்டான்."

பதினோரு வருடம் கழித்து ஒரு ஜனவரியில் அவள் போனாள். தரை உறைந்து இறுகிக் கிடந்ததால் பெட்டியைக் கல்லறைச் சாவடியில் வைத்துக் காத்திருந்தார்கள். லைலாக் பூத்தபோதுதான் மண்ணைத் தோண்ட முடிந்தது. அன்று வாளித் தண்ணீரும் பிரஷும் கொண்டுவந்து சின்னக் கல்லைத் தேய்த்தவர் வாரன்.