விசிறி மட்டும் சுற்றிய கணினி

கண்டியில் வேலை முடிந்து மடுல்கெல்ல பஸ்ஸில் நின்றுகொண்டே வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு எனக்கு இணையத்தில் ஒரு தேர்வு. கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனம் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறது. தேறினால் அங்கே வேலை. தேறாவிட்டால் இன்னொரு வருடம் போட்டோ பிரதி எடுக்கும் கடையிலேயே நிற்க வேண்டியதுதான். கைத்தொலைபேசியில் எழுத முடியாது. கமரா பூட்டிய கணினி வேண்டும், அறையில் வேறு ஆள் இருக்கக்கூடாது, ஒன்பதுக்குப் பிறகு தேர்வுக்குள் போகவும் முடியாது.

நுழைந்ததும் அம்மா சொன்னார்: "ஒன் கூட்டாளி வந்துட்டுப் போனான். நாளைக்கு மெஷின் மக்கர் பண்ணக்கூடாதுன்னு தொறந்து தூசி தட்டி வச்சிருக்கான். தேத்தண்ணி ஊத்திக் குடுத்தேன்."

சந்தோஷமாக இருந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில், லயத்து வரிசை வீட்டில் இருப்பவன் அவன். முதலாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன். எங்கள் இரண்டு வீட்டிலும் உயர்தரம் வரை போன முதல் ஆட்கள் நாங்கள்தான். கண்டியில் பழைய சாமான் கடையொன்றில் ஒரே மாதிரிப் பாகங்களை வாங்கி வந்து, முதலில் என் கணினியையும் பிறகு அவனுடையதையும் நாங்களே பொருத்திப் பூட்டினோம். அதே தேர்வை அவனும் எழுதுகிறான்.

ஸ்விட்சை அழுத்தினேன். விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது. திரையில் ஒன்றுமில்லை.

பயப்படவில்லை. எங்கள் பக்கத்து ஈரத்துக்கு இது அடிக்கடி வருகிற வியாதி. ரேம் என்கிற நினைவகப் பட்டையைக் கழற்றி அதன் தங்கநிறப் பற்களை அழிறப்பரால் தேய்த்துப் பூட்டினால் எழும்பிவிடும். கழற்றித் தேய்த்துப் பூட்டினேன். விசிறி மட்டும் சுற்றியது. அவனுக்கு அழைத்தேன்.

"மச்சான், டிஸ்பிளே வரலடா. நீ பாக்கும்போது வந்துச்சா?"

"வந்துச்சே. வயர இறுக்கிப் பாரு."

"பாத்துட்டேன்."

"போர்ட்ல இருக்கிற குட்டி பேட்டரியக் கழட்டிட்டு, கொஞ்ச நேரம் விட்டுப் போடு."

போட்டேன். ஹார்ட் டிஸ்க் வயரைப் பிடுங்கச் சொன்னான், பிடுங்கினேன். ரேமை இன்னொரு துளையில் மாற்றச் சொன்னான், மாற்றினேன்.

"நல்லா தேச்சியா? இன்னொருக்கா தேய்."

தேய்த்தேன். தரையில் குப்புறப் படுத்து, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, அவன் சொன்னதையெல்லாம் செய்தேன். "நீ இல்லாட்டி நான் என்னடா செய்வேன்" என்றுகூடச் சொன்னேன். பிறகு கேட்டேன்:

"ஒன் ரேம ஒரு நிமிசம் இதுல போட்டுப் பாக்கலாமா? நானே அங்க வாறேன்."

"இப்ப போய் அதக் கழட்டி என்னுதும் படுத்துருச்சுன்னா? ரெண்டு பேரும் காலி மச்சான்."

நியாயமாகத்தான் பட்டது.

"போர்டு போயிருக்கும்டா" என்றான் கடைசியில். "இந்நேரம் கண்டியில எந்தக் கட தொறந்திருக்கும்? பாவம்டா நீ. அடுத்த வருசம் எழுதலாம் விடு."

காலையில் மனம் கேட்கவில்லை. இன்னொரு முறை பார்ப்போம் என்று ரேமைக் கழற்றி, வாசலில் வெயிலில் வைத்துப் பார்த்தேன். ஓரத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். சந்தனம்.

என் கணினிக்குள் சந்தனம் பட்டதே இல்லை. அவனுடைய பாகங்கள் வந்தது சரஸ்வதி பூசையன்று. பூட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் சாமி படத்தின் முன்னால் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தார் அவனுடைய அம்மா. "அம்மா, பல்லுல மட்டும் வச்சிறாதீங்க" என்று நான்தான் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

அவனுடைய ரேம் என் கையில் இருந்தது. என்னுடையதை எடுத்துக்கொண்டு தன்னுடையதைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறான். முந்தின இரவு முழுக்க அதைத்தான் தேய்த்திருக்கிறேன், அவன் சொல்லச் சொல்ல.

தேயிலைக்குள் குறுக்குவழியால் ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் ஒன்பது மணி தாண்டிவிட்டது. வாசலில் அவனுடைய அம்மா விரலை உதட்டில் வைத்தார்.

"வா தம்பி. இன்னும் எழுதுறான், சத்தம் போடாத."

திரைச்சீலை இடுக்கால் அவனுடைய முதுகு தெரிந்தது. நான் ஓரடி எடுத்து வைத்தால் போதும். கமராவில் இன்னொரு முகம் விழுந்ததும் அவனுடைய தேர்வு ரத்தாகிவிடும். நிறைய நேரம் அதையே நினைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் அவனுடைய அம்மா கண்ணை மூடி ஏதோ வேண்டிக்கொண்டிருந்தார். வெளியே படியில் போய் உட்கார்ந்தேன்.

முடித்துவிட்டு வந்தவன் என் கையிலிருந்த ரேமைப் பார்த்தான்.

"நேத்துக் காலைல என்னோட ரேம் செத்துப்போச்சு மச்சான். வேற வழி தெரியல."

"கேட்டிருக்கலாமேடா."

"கேட்டா குடுத்திருப்பியா?"

இருந்தது ஒரு நல்ல ரேம். தேர்வு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில். கொடுத்திருப்பேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொடுத்திருக்க மாட்டேன் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

"சரி, எடுத்த. போன்ல எதுக்குடா அவ்வளவு நேரம் என்னத் தேய்க்க வச்ச?"

அவன் படியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "போனக் கட் பண்ணியிருந்தா நீ நேரா இங்க வந்திருப்ப."

எடுத்ததை ஒருநாள் நான் மறந்துவிடக்கூடும். 'பாவம்டா நீ' என்று சொல்லும்போது அவன் குரலில் உண்மையாகவே பரிதாபம் இருந்தது. அதைத்தான் எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

அவனுடைய அம்மா இரண்டு கோப்பை தேத்தண்ணியோடு வந்தார்.

"ஒனக்கு எப்பிடி தம்பி? வெள்ளனே முடிஞ்சிருச்சா?"

நான் வாயைத் திறக்குமுன் அவனே சொன்னான்: "அவன் மெஷின் ஓடலம்மா."

"அட கடவுளே! நேத்தே இவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா வந்து பாத்துக் குடுத்திருப்பானே. இவன்கிட்ட என்னா வெக்கம் ஒனக்கு?"

"சொன்னேம்மா" என்றேன். "வந்து பாத்தான்."

அவனுடைய ரேமைப் படியில் வைத்துவிட்டு, என்னுடையதை அவன் கழற்றித் தரும் வரைக்கும் அங்கேயே நின்றேன். தேத்தண்ணியை வாங்கவில்லை.